பலாலிக்கு வந்த டக்கோட்டா: வாசகர் கேள்வி – பதில்

பெட்டியில் விற்கும் துண்டுகளை ஒட்டாமல், பழைய பயணிகள் விமானங்களின் மாதிரிகளை மரத்திலும் தகட்டிலும் அடியிலிருந்தே நாமாகச் செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்பதுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எயர் சிலோனின் டக்கோட்டாவைச் செய்ய ஆசை. இதற்கு முன் எதுவும் செய்ததில்லை. பல்சா மரம் இங்கே கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– உயர்தர வகுப்பு மாணவர், சாவகச்சேரி

தம்பி, நீர் தேர்ந்த விமானம் சரியான விமானம். டக்கோட்டா என்பது டக்ளஸ் நிறுவனம் கட்டிய இரட்டை இயந்திர விமானம். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயர் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று அன்று குறித்தது பலாலி ஓடுபாதையைத்தான். தொழில் தொடங்கிய முதல் நாளிலேயே அந்த டக்கோட்டா எங்கள் செம்மண்ணில் சில்லு வைத்துவிட்டது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பலாலிக்குப் போனார். வால் தரையில் படுத்திருக்க மூக்கை உயர்த்தி நின்ற அந்த நிலையை அன்று பார்த்தேன். அறுபது ஆண்டுகளாக அதைத்தான் மரத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முதல் வேலையாக அதை எடுக்காதீர். இரண்டு இயந்திரம், எங்கும் நேர்கோடில்லாத உடல், இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வழிந்தோடும் வளைவு, எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பாதியில் மனம் விட்டுப்போகும். முதலில் டி ஹாவிலண்ட் பஸ் மொத் செய்யும். ஒற்றை இயந்திரம், உடலுக்கு மேலே ஒரே இறக்கை, மடக்காத சில்லு. உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்த உடல் என்பதால் பக்கங்கள் பெட்டி போலத் தட்டையானவை. சீவுளி பிடித்த எந்தக் கையும் அதைச் செய்துவிடும்.

பஸ் மொத்தும் எங்களுக்கு அந்நியமான விமானம் இல்லை. 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனது பஸ் மொத்தில்தான். அதன் பதிவெழுத்து விடி–ஏடிஎன். 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானமும் ஒரு பஸ் மொத். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஓட்டி வந்தார். இன்னொன்றும் சொல்கிறேன். அதன் சில்லுக்காலை மூடியிருக்கும் தகட்டு உறையை விமானி தொண்ணூறு பாகை திருப்பினால் அது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். இறங்குவதற்கு அதுவே பிறேக். உமது மாதிரியில் அந்த உறையைத் திரும்பும்படி செய்து பாரும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தொடுவார்கள்.

மரத்துக்குக் கவலை வேண்டாம். எங்கள் வேலிகளில் நிற்கும் முள்முருக்கு போதும். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிற அதே மரம். பாரமில்லை, கத்திக்கு இணங்கும். பச்சையாகச் சீவினால் பின்னர் முறுகிவிடும் என்பதால் பலகையாக அறுத்து, நிழலில், அடுப்படிக் கூரைக்குக் கீழே ஒரு மாரியும் ஒரு கோடையும் கிடக்க விடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். இறக்கையின் பின்விளிம்பு கத்தி வாயைப் போல மெல்லியதாக வரவேண்டும். முள்முருக்கு அங்கே உதிர்ந்துவிடும். அதற்குப் பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை நல்லது. காற்றாடிக்குப் பூவரசு. இறக்கையைத் தாங்கும் கம்புகளுக்கு மூங்கிலைச் சீவும். பட்டம் கட்டியிருப்பீர்தானே, கை தானாகவே போகும்.

மகள் 1/72 என்கிறாள், 1/48 என்கிறாள். அந்தக் கணக்கை எனக்கும் விளங்கச் சொல்வீர்களா?
– ஒரு தாய், மானிப்பாய்

அடி, அங்குலத்தில் பாருங்கள் அம்மா, உடனே விளங்கும். 1/72 என்றால் உண்மை விமானத்தின் ஆறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். 1/48 என்றால் நான்கு அடிக்கு ஓர் அங்குலம். பஸ் மொத்தின் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 9 அங்குலம், நீளம் 25 அடி. 1/48இல் இறக்கை ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேலே, உடல் ஆறேகால் அங்குலம். ஒரு பிள்ளையின் இரண்டு கைகளுக்கு அளவான பொருள். 95 அடி இறக்கையுள்ள டக்கோட்டாவை அதே அளவில் செய்தால் இரண்டடி அகலம் வந்துவிடும். வீட்டில் இடம் தேடவேண்டும். அதை 1/72இல் செய்தால் பதினாறு அங்குலத்துக்குள் அடங்கும்.

நாற்பது வருடம் தச்சுவேலை செய்தவன். கதவு நிலையில் நூலளவு பிசகாது. விமானத்தின் உடலைச் சீவினால் மட்டும் ஒரு பக்கம் கொழுத்து மறுபக்கம் மெலிந்து போகிறது. ஏன்?
– பருத்தித்துறை வாசகர்

ஐயா, உங்கள் கைக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கதவு நிலைக்கு மூலைமட்டம் வைக்க ஒரு நேர்விளிம்பு எப்போதும் இருக்கிறது. விமானத்தின் உடலில் அது இல்லை. நீங்கள் போட்ட நடுக்கோடு முதல் சீவலோடு போய்விடும். அதன் பிறகு கண்ணை நம்புகிறீர்கள். கண்ணோ வெளிச்சம் விழுகிற பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒரே அளவாகக் காட்டாது.

ஆகையால் அழியாத நடுக்கோடு வேண்டும். ஒரே தடிப்பில் இரண்டு பலகைகளை எடுங்கள். நடுவில் ஒரு பத்திரிகைத் தாளை வைத்து, இரண்டு முகத்துக்கும் மரப்பசை பூசி, இறுக்கி ஒட்டுங்கள். அந்த ஒட்டே நடுக்கோடு. எவ்வளவு சீவினாலும் அது மரத்துக்குள் இருந்துகொண்டே வரும். வேலை முடிந்ததும் மெல்லிய கத்தியை ஒட்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தாள் கிழிந்து உடல் இரண்டாகப் பிளக்கும். உள்ளே குடைந்து ஆசனங்களை வைத்துத் திரும்ப மூடலாம்.

பக்கப் படத்தை முதலில் மரத்தில் ஒட்டி வாளால் அறுங்கள். வெட்டி விழுந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் பழைய இடத்திலேயே நாடாவால் கட்டிவிட்டால் மேல்முகம் மீண்டும் தட்டையாகிவிடும். அதன்மேல் மேலிருந்து பார்க்கும் கிடைப்படத்தை ஒட்டி அடுத்த அறுப்பை அறுக்கலாம். இப்போது மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் விமானம், குறுக்கே வெட்டினால் மட்டும் சதுரம். மூலைகளைச் சீவி எட்டு முகமாக்குங்கள், பிறகு பதினாறு. அதற்குப் பிறகுதான் உருட்டவேண்டும்.

உருட்டும்போது வடிவத் தகடுகள் இல்லாமல் ஒரு சீவல்கூடச் சீவாதீர்கள். மூக்கிலிருந்து வால்வரை குறித்த இடங்களில் உடலின் குறுக்குவெட்டு எப்படி இருக்கும் என்று தகட்டில் வெட்டிக்கொள்ள வேண்டும். முழு வெட்டுமுகம் வேண்டாம், பாதி மட்டும். இடப்பக்கத்துக்கு வைத்த அதே தகட்டைத் திருப்பி வலப்பக்கத்துக்கும் வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தகடு சாட்சி சொல்லும்போது கொழுப்பும் மெலிவும் ஒளிக்க இடமில்லை. தகட்டுக்குப் பின்னால் சிறு விளக்கை வைத்துப் பாருங்கள். இடைவெளி உள்ள இடத்தால் வெளிச்சம் கசியும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கில் இதைப் பழகினேன். மின்குமிழைவிட அந்தச் சின்னச் சுடர் பிழையை நன்றாகக் காட்டும். இன்றைக்கும் கடைசிப் பார்வையைச் சுடரில்தான் பார்க்கிறேன்.

தகடுகளை மட்டையில் வெட்டவே வெட்டாதீர்கள். பிஸ்கற் ரின்னைக் கத்தரியுங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, பாதி முடிந்த டக்கோட்டா ஒன்று எங்கள் வீட்டுப் பத்தியில் இறாக்கையில் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து கையில் எடுத்தேன். மேலே பூசியிருந்த வார்னிஷ் மட்டும் விமான வடிவில் நின்றது. உள்ளே மரத்தைக் கறையான் தின்று முடித்திருந்தது. படங்களும் மட்டை அளவுகளும் மண்ணாகிவிட்டன. ரின்னில் வெட்டிய பதினேழு வடிவத் தகடுகள் துருவேறி அப்படியே கிடந்தன. அரத்தாள் போட்டு எண்ணெய் பூசி, அவற்றை வைத்தே மூக்கிலிருந்து திரும்பச் சீவத் தொடங்கினேன். என் மேசையில் இப்போது நிற்பது அந்த விமானம்.

டக்கோட்டா செய்து முடித்தேன். நீளம், அகலம் எல்லாம் சரி. ஆனாலும் டக்கோட்டா போல இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.
– யாழ் நகர வாசகர்

படத்தைப் பார்த்தேன். உடல் அருமையாக வந்திருக்கிறது. பிழை இறக்கையில். முன்விளிம்பையும் பின்விளிம்பையும் ஒரே அளவாகச் சாய்த்துவிட்டீர்கள். டக்கோட்டாவில் இயந்திரத்துக்கு வெளியே முன்விளிம்புதான் பின்னோக்கிச் சாயும். பின்விளிம்பு ஏறத்தாழ நேராக ஓடும். அதனால்தான் கீழிருந்து பார்க்கும்போது அது தோளைப் பின்னுக்கு இழுத்த ஆள் போலத் தெரியும். இரண்டாவது, இறக்கையை உடலின் அடியிலிருந்தே மேல்நோக்கி உயர்த்தியிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு இயந்திரங்களுக்கும் இடைப்பட்ட பகுதி தட்டை. அதற்கு வெளியே உள்ள இறக்கைகள் மட்டுமே உயரும். ஆகவே இறக்கையை மூன்று துண்டாகச் செய்யுங்கள், உண்மை விமானத்தையும் அப்படித்தான் கட்டினார்கள். சில்லுகளை மடக்கிய நிலையில் காட்டுவதானால் முழுவதையும் உள்ளே மறைக்க வேண்டாம், டக்கோட்டாவின் சில்லு பாதி வெளியேதான் தெரியும்.

உடலைக் கழற்றவேண்டியதில்லை. இறக்கையை மட்டும் மாற்றுங்கள். இவ்வளவு நல்ல உடலுக்கு அந்த உழைப்பு தகும்.

துணி போர்த்த இறக்கையில் உள்விலா எலும்புகள் தெரிய வேண்டும் அல்லவா? அதை எப்படிச் செதுக்குவது?
– ஆசிரியை, நல்லூர்

செதுக்கக் கூடாது. விலாவுக்கு விலா துணி தொய்ந்து கிடப்பதுபோலச் செய்த மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகும். நல்ல விமானத்தின் துணி பறை போல விறைப்பாக நிற்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்களைக் கேளுங்கள், தொய்ந்த தாள் எழும்பாது என்பார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. உண்மை விமானத்தில் துணி கால் அங்குலம் தாழ்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும் 1/72இல் அது பத்திலொரு மில்லிமீற்றர்கூட வராது.

விலா வரும் இடங்களில் தையல் நூலை ஒட்டுங்கள். அதன்மேல் பட்டத்துக்கு ஒட்டும் மெல்லிய தாளைப் போர்த்து, நீர்த்த வார்னிஷ் பூசி, காய்ந்ததும் மெல்லிய அரத்தாளால் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தட்டுப்படும் நிலையில் நிறுத்திவிடுங்கள். டக்கோட்டாவுக்கு இது அசையும் பகுதிகளில் மட்டும் வேண்டும். அதன் உடலும் இறக்கையும் உலோகம், வாலில் உள்ள சுக்கானும் உயர்த்திகளும் இறக்கை நுனிப்பக்கத்து அசைதகடுகளும் துணி.

யன்னல் கண்ணாடிக்கு என்ன பாவிக்கிறீர்கள்?
– கொக்குவில் வாசகர்

தட்டையான யன்னலுக்குப் பழைய எக்ஸ்ரே படம். வெளிற்றும் திரவத்தில் ஊறவைத்துக் கழுவினால் கறுப்புக் கரைந்து தெளிந்த தகடு வரும். சிறிது நீலம் நிற்கும். பயணிகள் யன்னலுக்கு அது அழகுதான். கையுறை போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். விமானியறையின் வளைந்த கண்ணாடிக்கு அந்த வடிவத்தை வேம்பில் சீவி, குடிதண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு, வெளியே சூடு காட்டுங்கள். போத்தல் சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும். வேண்டிய துண்டை வெட்டி எடுக்கலாம். மரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் கண்ணாடியில் அப்படியே விழும், ஆகவே மரத்தை மெழுகுபோல் தேய்த்துவிட்டே சூடு காட்டவேண்டும்.

இப்போது கணினியில் வரைந்தால் முப்பரிமாண அச்சு இயந்திரம் முழு விமானத்தையும் தந்துவிடுகிறதே. மரத்தோடு ஏன் மாரடிக்க வேண்டும்?
– கனடா வாசகர்

அச்சிடுங்கள். வரைபடத்தைப் படித்து, வெட்டுமுகங்களை அறிந்து, நீங்களே கணினியில் வரைந்தீர்கள் என்றால் அதுவும் அடியிலிருந்து செய்த வேலைதான். வேறொருவர் வரைந்ததை இறக்கி அச்சிட்டால் உங்களுக்கு விமானம் கிடைக்கும், விமானத்தைப் பற்றிய அறிவு கிடைக்காது. நான் மரத்தில் செய்கிறேன், அது என் கைக்குத் தெரிந்த பொருள். டக்கோட்டாவின் இயந்திரத்தில் ஏழு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு உருளைகள். 1/72இல் முழு இயந்திரமும் பதினேழு மில்லிமீற்றர் வட்டத்துக்குள் அடங்கவேண்டும். ஒவ்வோர் உருளைக்கும் மூங்கிற் குச்சியில் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றினேன். கம்பிச் சுற்றுகள் குளிர்விக்கும் செதில்கள் ஆகிவிடும். கம்பி, செத்துப்போன சைக்கிள் டைனமோவிலிருந்து எடுத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த டைனமோவைக் கையால் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அதை எந்த அச்சு இயந்திரத்துக்கும் மாற்றமாட்டேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் விமானத்தின் கோடு கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பே பூசலாமா?
– வவுனியா வாசகர்

பொறுங்கள். முப்பதுகளின் படச்சுருள்களில் பல சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். கறுப்பாகத் தெரியும் கோடு சிவப்பாகவும் இருக்கலாம். அதே படத்தில் நிறம் தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். கொடி இருந்தால் நல்லது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தூரிகையை எடுங்கள்.

வெள்ளி நிறத்திலும் ஒரு கவனம். துணி இறக்கைக்குப் பூசும் வெள்ளிப்பூச்சு வெயிலின் ஊதாக்கடந்த கதிர் துணியைத் தின்னாமல் இருக்க அலுமினியத் தூள் கலந்தது, அது மங்கல். உலோகத் தகட்டின் மினுக்கம் வேறு. டக்கோட்டாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். உடலுக்குச் சமையலறை அலுமினியத் தாளைத் துண்டு துண்டாக, நெளிவின் திசையை மாற்றி மாற்றி ஒட்டுகிறேன். சுக்கானுக்குப் பூச்சுத்தான். இரண்டுக்கும் ஒரே வெள்ளியைப் பூசினால் விளையாட்டுப் பொருளாகிவிடும்.

1950களில் கணவரோடு பலாலியிலிருந்து சென்னைக்குப் போனேன். விமானத்தின் கதவடியில் நின்று எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதே விமானத்தைச் சிறிதாகச் செய்து தரமுடியுமா? படம் மட்டும் போதுமா?
– தெல்லிப்பழை வாசகி

அம்மா, செய்து தருகிறேன். கூலி வேண்டாம். படத்தின் பிரதி ஒன்றை அனுப்புங்கள், மூலப்படத்தைத் தபாலில் விடாதீர்கள்.

பொது அளவுகள் என்னிடம் இருக்கின்றன. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் டக்கோட்டாவை ஒரு நாள் முழுவதும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்தும் இருக்கிறேன். ஆனால் கதவு ஒரு சிக்கல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமான நிறுவனங்கள் வாங்கிய டக்கோட்டாக்களில் பெரும்பாலானவை படைக்குக் கட்டியவை. அவற்றில் இடப்பக்கம் பின்னால் சாமான் ஏற்றுகிற பெரிய இரட்டைக் கதவு. பயணிகளுக்காக மாற்றியபோது நிறுவனத்துக்கு நிறுவனம் ஒவ்வொரு விதமாக மாற்றினார்கள். எந்தப் புத்தகப் படமும் நீங்கள் ஏறிய கதவைக் காட்டாது. உங்கள் படம் காட்டும்.

உங்களுக்குப் பின்னால் வாலில் எழுத்து ஏதும் தெரிந்தால் உருப்பெருக்கியால் பார்த்து எழுதுங்கள். இலங்கையின் பதிவெழுத்து முதலில் விபி–சி என்று தொடங்கி, பிற்காலத்தில் 4ஆர் ஆனது. அதை வைத்து ஆண்டை ஓரளவு நெருங்கலாம். யன்னலில் திரை தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் போடுவேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியது ஒன்றுண்டு. கதவுக்கு ஒட்டியபடி நீங்கள் நின்றிருந்தால் உங்கள் உயரமே எனக்கு அடிமட்டம். அதைக்கொண்டு கதவின் உயரம், படி, தரையிலிருந்து உடல் நின்ற அளவு எல்லாவற்றையும் கணக்கிடலாம். அந்த நாளில் உங்கள் உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். காலில் குதி உயர்ந்த செருப்பு இருந்ததா என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.